தங்கச்சியின் இரண்டு வாக்கெடுப்புகள்

எங்கள் தங்கச்சி சுன்னாகத்தில், ஐந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் கடைசியாகப் பிறந்தவர். நான் மூத்தவன். எங்களுக்கு இடையில் பதின்மூன்று வயது. வீட்டில் அவரை நான் ஒருநாளும் 'அவர்' என்று சொன்னதில்லை. 'நீ', 'வா', 'போ' தான். இப்போது மரியாதைப் பன்மையில் எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. ஆனாலும் அந்த மரியாதை அவருக்கு உரியது. அவர் இருந்தபோது அதைக் கொடுக்கத் தவறியவன் நான்.

அந்தியேட்டிக்கு, முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, வருகிறவர்கள் கையில் கொடுக்கும் நினைவு மலர் இது. வழக்கமாக நல்லதை மட்டும் எழுதுவோம். தங்கச்சியைப் பற்றி எழுத நல்லது நிறைய உண்டு. அதோடு, உங்களில் பலரிடம் நான் சொல்லவேண்டியது ஒன்றும் உண்டு. அதைச் சொல்லும்படி அவர் என்னைக் கேட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஊரில் நான் சரித்திர ஆசிரியர். உயர்தர வகுப்புக்கு உலக சரித்திரம் படிப்பித்தேன். தங்கச்சியும் என் வகுப்பில் இருந்தார். வீட்டில் 'அண்ணை', பள்ளிக்கூடத்தில் 'சேர்' என்பது எங்கள் ஒப்பந்தம். ஒருமுறை அவர் மறந்துபோய் வகுப்பில் 'அண்ணை' என்று கூப்பிட்டுவிட்டார். பிறகு ஒரு கிழமைக்கு முழு வகுப்பும் என்னை முதுகுக்குப் பின்னால் அண்ணை என்றே சொல்லித் திரிந்தது.

நான் விரும்பிப் படிப்பித்த பாடம் அமெரிக்காவின் தொழில் வளர்ச்சி. ஒரு தலைமுறைக்குள் அந்த நாடு முழுவதும் ரயில் பாதை ஓடியது. உருக்காலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் வந்தன. ஐரோப்பாவின் ஏழைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கி, பகலும் இரவும் அந்த ஆலைகளில் நின்றார்கள். குடியிருந்த வீடும் முதலாளியின் வீடு, சாப்பாட்டுச் சாமான் வாங்கும் கடையும் முதலாளியின் கடை. பிறகு நேரம் அளக்கும் கடிகாரத்தோடு ஒருவர் வந்து தொழிலாளியின் பக்கத்தில் நின்று, கை அசையும் நேரத்தையும் கணக்கெடுத்தார். அந்த மக்கள் சங்கம் அமைக்க முயன்றார்கள், தோற்றார்கள், திரும்பவும் முயன்றார்கள். எட்டு மணித்தியால வேலை என்பது அப்படித் தோற்றுத் தோற்றுப் பெற்றது.

அந்தப் பாடத்தில் ஓர் இடத்தில் நான் எப்போதும் நின்று விளக்குவேன். முதலாளிகள் ஒவ்வொரு மொழிக்காரருக்கும் அவர்களின் மொழி பேசும் ஒருவரையே மேலாளாக வைத்தார்கள். இத்தாலிக்காரருக்கு இத்தாலிக்காரர், போலந்துக்காரருக்குப் போலந்துக்காரர். "எங்கட தேயிலைத் தோட்டத்துக் கங்காணி மாதிரி" என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். தன் ஆட்களைத் தன் மொழியிலேயே அடக்குவதற்குச் சம்பளம் வாங்கும் மனிதன். பரீட்சையில் இதைப் பற்றித் தங்கச்சி எழுதிய விடைக்குத்தான் அந்த வருடம் வகுப்பில் அதிக புள்ளி. போட்டவன் நானே.

ஊரில் பிரச்சினைகள் பெருகிய காலத்தில் தங்கச்சி கலியாணம் முடித்து, மச்சானோடு லண்டன் வந்து சேர்ந்தார். பெற்றோல் நிலையம், பேக்கரி என்று வேலை செய்து, கடைசியில் குரொய்டனில் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் நிலைத்தார். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துவாய்களும் லொறி லொறியாக அங்கே வரும். தோர்ண்டன் ஹீத்தில் இருந்த வீட்டிலிருந்து விடியமுன் பஸ் எடுத்துப் போவார். அவருடைய வீட்டில் இஸ்திரிப்பெட்டியே இல்லை. எட்டு மணித்தியாலம் தேய்த்த கை வீட்டில் தேய்க்காது என்று மச்சானுக்குக் கசங்கிய சட்டையையே போடக் கொடுப்பார். மச்சான் அதோடு கோயிலுக்கும் வருவார். நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

சில வருடங்கள் கழித்து நான் வந்தேன். இந்த நாட்டில் என் ஆசிரியத் தகைமைக்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லை. தங்கச்சிதான் தன் மனேச்சரிடம் கதைத்து என்னை அதே தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார். எனக்கு ஆங்கிலம் எழுத வந்தபடியால் இரண்டு வருடத்தில் சுப்பவைசர் ஆனேன். அங்கே வேலை செய்தவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள், தமிழர். அவர்களில் பலர் ஊரில் என்னிடம் படித்தவர்கள், அல்லது படித்தவர்களின் அண்ணன் தங்கைகள். எல்லாருக்கும் நான் 'சேர்'. அதனால் மற்றவர்களும், கானா நாட்டுப் பெண்கள்கூட, என்னைச் சேர் என்றே கூப்பிட்டார்கள்.

பிறகு ஓர் அமெரிக்கக் கம்பனி அந்தத் தொழிற்சாலையை வாங்கியது. முதலில் சுவரெல்லாம் புதுப் பெயின்ற் அடித்தார்கள், கன்ரீனில் கோப்பி மெசின் வைத்தார்கள். அடுத்த மாதம் ஒவ்வொரு தேய்க்கும் இயந்திரத்துக்கு மேலேயும் ஒரு திரை வந்தது. விரிப்பை இயந்திரத்துக்குள் விட இரண்டு பேர் வேண்டும், இந்த மூலையில் ஒருவர், அந்த மூலையில் ஒருவர். அந்தச் சோடி மணித்தியாலத்துக்கு எத்தனை விரிப்பு விடுகிறது என்று திரை காட்டிக்கொண்டே இருக்கும். பச்சை நிறம் என்றால் நல்லது, சிவப்பு என்றால் என்னைப் போன்ற ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார்.

சோடியில் ஒருத்தி கழிவறைக்குப் போனால் மற்றவளின் கணக்கும் விழும். தன்னால் இன்னொருத்தி பேச்சு வாங்கக்கூடாது என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். இதை யாரும் கட்டளையாகச் சொல்லவில்லை, அப்படியே நடந்தது. அந்த வெக்கையில் காலையிலிருந்து மத்தியானம் வரை தண்ணீர் இல்லை. தங்கச்சியின் சோடி புவனா, கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் புவனேஸ்வரி, ஒருநாள் விரிப்போடு சேர்ந்து கீழே சாய்ந்தார். தங்கச்சி அவரைத் தூக்கி இருத்திவிட்டு, திரைக்குக் கீழே நின்று என்னைப் பார்த்து, "சேர், இப்ப என்ன நிறம் காட்டுது?" என்று கேட்டார். அவர் அங்கே என்னைச் சேர் என்று கூப்பிட்டது அன்று மட்டுந்தான்.

அந்தக் கிழமையே அவர் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். ஒரு வருடத்தில் பாதிப்பேரை நெருங்கச் சேர்த்துவிட்டார். துண்டுப் பிரசுரம் தமிழில் எழுதினார், போலந்துப் பெண் ஒருவரைக் கொண்டு அவர்கள் மொழியில் எழுதுவித்தார், போர்த்துக்கீச மொழியிலும் குஜராத்தியிலும் ஆள் பிடித்து எழுதுவித்தார். கம்பனி சங்கத்தை ஏற்க மறுத்ததால் விடயம் வாக்கெடுப்புக்குப் போனது. வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வரும் என்று அறிவித்தார்கள்.

அந்த நேரம் கம்பனி தன் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆலோசகரை அனுப்பியது. நல்ல மனிதர், நிதானமாகக் கதைப்பார். என்னைத் தனியே கூப்பிட்டு, நான் முன்பு என்ன வேலை செய்தேன் என்று கேட்டார். அமெரிக்கத் தொழில் சரித்திரம் படிப்பித்தேன் என்றேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஒரு மணித்தியாலம் என்னோடு அதைப் பற்றியே கதைத்தார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அவர் எனக்குப் பதவி தரவில்லை, பயமுறுத்தவும் இல்லை. காது கொடுத்தார். நான் கம்பனியின் பக்கம் போக அது போதுமாக இருந்தது. என்னை மன்னிக்கும்படி இதைச் சொல்லவில்லை. என் விலை எவ்வளவு குறைவு என்று நீங்கள் அறியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

போகும்போது அவர் எல்லாச் சுப்பவைசர்களுக்கும் சட்டத்தை விளக்கினார். வாக்களித்தவர்களில் பெரும்பான்மை 'ஆம்' என்றால் மட்டும் போதாது. அங்கே வேலை செய்யும் அத்தனை பேரிலும் ஐந்தில் இரண்டு பங்கினர் 'ஆம்' என்று போட்டிருக்கவேண்டும். வாக்களிக்காமல் வீட்டில் இருப்பவர் சங்கத்துக்கு எதிராகவே கணக்கில் வருவார். சட்டத்தைத்தான் அவர் சொன்னார். அதை என்ன செய்வது என்று கண்டுபிடித்தவன் நான்.

எங்கள் ஆட்கள் பெரிய சங்கடத்தில் இருந்தார்கள். தங்கச்சியிடம் மாட்டேன் என்று சொல்ல ஏலாது. என் முகத்துக்கு எதிராகவும் போக ஏலாது. வாக்குச்சீட்டு வந்த உறைகளைச் சாமிப்படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார்கள். முடிவெடுக்க முடியாத கடிதங்களை அங்கேதானே வைப்போம். நான் வீடு வீடாகப் போனேன். புவனாவின் வீட்டில் அவர் தேத்தண்ணி தந்துவிட்டு நேரடியாகவே கேட்டார்.

"சேர், உங்கட தங்கச்சி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். நாங்கள் என்ன செய்யிறது?"

"ஒருத்தரையும் நோகடிக்க வேண்டாம் பிள்ளை. ரெண்டு பக்கமும் போடாமல் விடுங்கோ. நடுவில நிண்டதா இருக்கும்."

அவருடைய முகம் தெளிந்தது. "நல்ல காலம் சேர், நீங்கள் வந்தது" என்றார்.

நடுவில் நிற்பது என்று ஒன்று அந்த வாக்கெடுப்பில் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன். புவனாவிடம் சொன்னேன், இந்த மலரை வாசிக்கும் இன்னும் பலரிடம் சொன்னேன். மனவருத்தம் உள்ள வீட்டுக் கலியாணத்துக்குப் போகாமல் விடுவதுபோல இதையும் விட்டுவிடலாம் என்று நீங்கள் நம்பினீர்கள். உங்கள் மரியாதையை நான் பயன்படுத்தினேன்.

வாக்குகளை எண்ணியபோது 'ஆம்' என்றவர்களே அதிகம். ஆனால் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைந்தது. தோல்வி. மூன்று வருடத்துக்குத் திரும்பக் கேட்கமுடியாது என்பது சட்டம். சில கிழமைகளில் தங்கச்சியை அழுக்குத் துணி பிரிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். நான் அதைக் கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் போடாமல் விட்டதால்தான் தோற்றது என்று மற்ற மொழிக்காரர் கதைக்க, பெண்கள் கூனிக்குறுகிப் போனார்கள். புவனா கன்ரீனில் தங்கச்சியோடு ஒரே மேசையில் இருக்கவே வெட்கப்பட்டார். தங்கச்சிதான் தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் இருந்தார்.

மறுவருடம் நான் ஓய்வு பெற்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியின் குசினியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

"நீங்கள் படிப்பிச்ச கங்காணி நீங்கள்தான் அண்ணை. எழும்பிப் போங்கோ" என்றார்.

ஒரு வருடத்துக்கு மேல் அவர் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் கோபம் பேச்சோடு நின்றது, சாப்பாட்டுக்கு வரவில்லை. ஞாயிறு தவறாமல் மச்சான் ஒரு பையோடு வருவார், உள்ளே இறைச்சிக்கறியும் பிட்டும் இருக்கும். "தங்கச்சி ஏதும் சொன்னவளோ?" என்று கேட்பேன். "பெட்டியைக் கழுவித் தரட்டாம்" என்பார் மச்சான்.

மூன்று வருடம் முடியும் நேரம் தங்கச்சி தானே என் வீட்டு வாசலுக்கு வந்தார். வழியில் போகும் யாரோ ஒருவரிடம் கதைப்பதுபோல, நேராக விடயத்துக்கு வந்தார். இந்த முறை சங்கம் வெல்லவேண்டும். அதற்கு நான் இரண்டு வேலை செய்யவேண்டும். போன வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய், வாக்குப் போடச் சொல்லவேண்டும். முதல் முறை ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் சொல்லவேண்டும்.

முதலாவதைச் செய்தேன். முழுமனதோடு செய்தேன். மழையிலும் குளிரிலும் போனேன், மாடி ஏறினேன், எங்கள் ஆட்கள் அல்லாதவர்களின் கதவையும் தட்டினேன். சட்டத்தை ஒவ்வொருவருக்கும் சரியாக விளக்கினேன். "முதல் முறை இது எனக்கு விளங்கேல்லை" என்று சொன்னேன். அது பொய். இரண்டாவது வேலையைச் செய்யாமல் தப்பச் சொன்ன பொய்.

சங்கம் வென்றது. வாக்களிக்காத எங்கள் ஆட்கள் மிகக் குறைவு. கழிவறைக்குப் போகும் நேரம் கணக்கிலிருந்து நீங்கியது. இயந்திரங்களுக்கு நடுவே தண்ணீர் வைத்தார்கள், கோடையில் கூடுதல் ஓய்வு வந்தது, சோடிக் கணக்கை நிறுத்தினார்கள். சுகமில்லாமல் வீட்டில் நின்ற நாளுக்கும் சம்பளம் கிடைத்தது. பிரதிநிதியாகத் தங்கச்சியைத் தெரிந்தெடுத்தார்கள். மனேச்சரின் அறைக்குள் போய்க் கதிரையில் இருந்து கதைப்பார். அந்த மனேச்சரே பின்னொரு நாளில் வேலைநீக்கப் பட்டியலில் தன் பெயர் வரும்போல இருக்கிறது என்று தங்கச்சியிடம் ஆலோசனை கேட்டு வந்தார். "அவருக்கும் ஒரு யூனியன் இருக்கெண்டு சொல்லி அனுப்பினன்" என்று சிரிப்பார்.

வெற்றிக்குத் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மண்டபம் எடுத்து விருந்து வைத்தோம். அங்கே பெண்கள் என்னை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தினார்கள். சேர் இல்லாவிட்டால் வென்றிருக்க ஏலாது என்று புவனா ஒலிவாங்கியில் சொன்னார். நான் கைகூப்பி வாங்கிக்கொண்டேன். கீழே தங்கச்சி எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினார். திரும்பி வரும்போது காருக்குள் மச்சானும் நாங்கள் இருவரும் மட்டும்.

"எனக்குச் சொன்னது போதாது அண்ணை. அவையளுக்குச் சொல்லவேணும். தாங்கள் செய்த பிழை எண்டு அவையள் நினைச்சுக்கொண்டிருக்கினம்."

"சொல்லுறன்" என்றேன்.

அதன்பின் அவர் வற்புறுத்தவில்லை. வருடத்தில் ஒருமுறை, ஏதாவது ஒரு கதையின் நடுவில், "சொல்லிப்போட்டியளோ?" என்று கேட்பார். இல்லை என்பேன். தலையை ஆட்டிவிட்டு வேறு கதைக்குப் போவார். எங்கள் உறவு பழையபடி ஆனது என்று சொல்லமாட்டேன். பழையதில் நான் சேர், அவர் மாணவி. புதியதில் அவர் என்னைக் கேள்வி கேட்டார், நான் பதில் சொல்லப் பழகினேன். அந்தக் கடைசி வருடங்கள்தான் எனக்குத் தங்கச்சியோடு வாய்த்த நல்ல காலம். சனிக்கிழமைகளில் இருவரும் இருந்து, வேறு வேலைத்தளங்களில் சங்கம் அமைக்க நினைப்பவர்களுக்குச் சட்டம் விளக்குவோம். அமெரிக்காவிலும் இப்போது பெரிய பண்டகசாலைகளில் இளம்பிள்ளைகள் திரும்பச் சங்கம் கட்டுகிறார்கள் என்று செய்தி வந்தால் எனக்குத் தொலைபேசி எடுத்து, "உங்கட பாடம் இன்னும் முடியேல்லை" என்பார்.

போன மார்கழியில் நோய் என்று தெரிந்தது. குணமாக்கும் கட்டம் கடந்துவிட்டது. வீட்டிலேயே இருக்க விரும்பினார். வேலைத்தளத்துப் பெண்கள் முறை வைத்து வந்தார்கள். அவருக்கு அவர்கள் செய்த பணிவிடையைக் கண்ட தாதி ஒருவர், இவ்வளவு பேரும் சகோதரிகளா என்று கேட்டார். கடைசிக் கிழமை தன் மகளிடம், மலரில் மாமா எழுதவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். என்ன எழுதவேண்டும் என்று சொல்லவில்லை. சித்திரை மாதத்து ஒரு காலையில், வெளிச்சம் நன்றாக வந்தபின், அமைதியாகப் போனார்.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் கோலியர்ஸ் வுட்டுக்குப் போய் புவனாவுக்கு வாசித்துக் காட்டினேன். மேசையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. வாசித்து முடிந்தபின் அவர் எழுந்து யன்னலோரம் போய் நின்றார்.

"அப்ப அண்டைக்கு நான் அவவை விட்டுப்போகேல்லை" என்றார்.

"இல்லைப் பிள்ளை. நான்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போனனான்."

"இதை அவ இருக்கேக்க சொல்லியிருந்தால், அவவின்ர கையைப் பிடிச்சு நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பன் சேர்."

கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு வரியையும் வெட்டவேண்டாம், தன் பெயரையும் மாற்றவேண்டாம் என்று சொன்னார். தன் மகன் வேலை செய்யும் பண்டகசாலையிலும் வாக்குச்சீட்டு வரப்போகிறதாம், அவனுக்கும் இதை வாசிக்கக் கொடுப்பாராம். நான் வாசலுக்கு வந்தபோது, "அவன் உங்களை ஒண்டும் கேக்கமாட்டான். அவன் ஏற்கெனவே முடிவெடுத்திட்டான்" என்றார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். மனைவியைக் குழந்தைபோலப் பார்த்த மச்சானுக்கும், வேலையை விட்டு வந்து கூட இருந்த தங்கச்சியின் மகளுக்கும், வலியைத் தணித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், தகனத்தன்று தங்கள் தங்கள் மொழியில் வழியனுப்பிய கானா, போலந்து, போர்த்துக்கல் நண்பர்களுக்கும், சமைத்தும் சுமந்தும் உதவிய அயலவர்களுக்கும், முறைவைத்து வந்த பெண்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

முதல் வாக்கெடுப்பில் வீட்டில் இருந்தவர்களுக்கு நன்றி மட்டும் போதாது. நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. உங்களை நம்பவைத்தவன் நான். அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்தபின் மண்டபத்தின் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பேன். கேட்கவேண்டியதைக் கேளுங்கள், ஏசவேண்டும் என்றால் ஏசுங்கள். கடைசி ஆள் வரும்வரை எழும்பமாட்டேன். முதல் ஆள் தான்தான் என்று புவனா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.